பெறுபேறு வந்த வீட்டில் முதலில் எழுந்து நிற்பது யார்?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள், பதாகைகள், வாழ்த்துகள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைகள் அதற்கு உரியவர்கள்தான். மறுபக்கம் கதவு சாத்திய வீடுகள். அங்கே பிள்ளை சாப்பிடுவதில்லை. உம்மா யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. வாப்பா பள்ளிவாசலுக்கு வேறு ஒழுங்கையால் போய் வருகிறார். இந்தப் பதிவு இரண்டாவது பக்கத்து வீடுகளுக்கு.

தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று ஒரு வரி எழுதி வாழ்த்திவிட்டுப் போவது சுலபம். ஆனால் மூன்று பாடத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. மனநிலையை மாற்று, எல்லாம் சரியாகும் என்கிறோம். மனநிலை என்பது சுவிட்ச் அல்லவே, அழுத்தியதும் மாறுவதற்கு. கவலையில் இருக்கிற மனிதனிடம் கவலைப்படாதே என்று சொல்லி யாருக்காவது கவலை போயிருக்கிறதா?

அப்படியானால் மனநிலை எப்படித்தான் மாறுகிறது? இதற்கு நாம் வெளியில் தேடத் தேவையில்லை. நாம் எல்லோரும் அறிந்த ஹுதைபிய்யாவை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628. நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1,400 தோழர்களும் உம்ரா செய்வதற்காக இஹ்ராமுடன், குர்பானிப் பிராணிகளையும் ஓட்டிக்கொண்டு மக்காவை நெருங்கிவிட்டார்கள். குறைஷிகள் தடுத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த வருடம் கஃபாவைப் பார்க்காமலே திரும்ப வேண்டும், அடுத்த வருடம்தான் வரலாம். மக்காவிலிருந்து தப்பி வருகிறவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பத்து வருடம் போர் இல்லை. தோழர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரிந்தது. உமர் (ரழி) போன்றவர்களே மனம் பொறுக்காமல் கேள்வி கேட்டார்கள்.

எழுந்து பிராணிகளை அறுங்கள், தலைமுடியைக் களையுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். யாரும் எழவில்லை. மூன்று முறை சொன்னார்கள், அப்போதும் யாரும் எழவில்லை. அது கீழ்ப்படியாமை அல்ல, அந்த அளவுக்கு மனம் உடைந்திருந்தார்கள். நபியவர்கள் கூடாரத்துக்குள் சென்று தம் மனைவி உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். அந்த அம்மையார் கொடுத்த ஆலோசனை, யாரோடும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் உங்கள் பிராணியை அறுத்து, உங்கள் தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்பது. நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் முழுக் கூட்டமும் எழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் உடன்படிக்கையின் ஒரு நிபந்தனைகூட மாறவில்லை. யாரும் புதிய பயான் செய்யவில்லை. உம்மு ஸலமா (ரழி) தோழர்களைக் குறை சொல்லவும் இல்லை. செய்ய வேண்டிய அடுத்த வேலையை ஒருவர் எழுந்து செய்தார், அவ்வளவுதான். மனம் சரியான பிறகு அவர்கள் எழவில்லை. எழுந்த பிறகுதான் மனம் சரியாகத் தொடங்கியது.

பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். வெற்றி என்ற பொருளைப் பெயரிலேயே கொண்ட ஸூறா அல்-ஃபத்ஹ் அந்தத் திரும்பும் வழியில்தான் இறங்கியது. போர் நின்றதால் மக்கள் அச்சமில்லாமல் ஒருவரோடொருவர் பழகினார்கள், பேசினார்கள், இஸ்லாத்தை அறிந்துகொண்டார்கள். 1,400 பேராகத் திரும்பியவர்கள் இரண்டு வருடத்தில் பத்தாயிரம் பேராக மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

இது நபிமார்களின் காலம், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுக்கே வருவோம்.

எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துப் படை நடத்திய அஹ்மத் உராபி பாஷா 1882 செப்டெம்பரில் தோற்றார். மறு வருடம் ஜனவரியில் அவரும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். நாடு போய், பதவி போய், சொத்தும் போய் வந்த மனிதர். பதினெட்டு வருடத்துக்கு மேல் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். அவருக்குத் தண்டனையாக அமைந்த அந்த வருடங்கள் நமக்கு என்னவாக ஆகின?

அந்தக் காலத்தில் நம் சமூகம் ஆங்கிலக் கல்வியிலிருந்து ஒதுங்கி நின்றது. மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விலை, மற்றச் சமூகங்கள் படித்து முன்னேறும்போது நாம் பின்தங்கியது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.ஸி. சித்திலெப்பை இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னார். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி எழுதினார். உராபி பாஷா வந்ததும் அவருடைய மதிப்பும் இந்த முயற்சிக்குத் துணையாகச் சேர்ந்தது. வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்கள் கைகொடுத்தார்கள். 1892இல் மருதானையில் ஒரு பாடசாலை தொடங்கியது. அதுதான் இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. பிற்காலத்தில் ரி.பி. ஜாயாவும் ஏ.எம்.ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து வளர்த்த கல்லூரி.

மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்புவதா இல்லையா என்று அடுத்த ஐம்பது வருடமும் வாதாடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஈமானும் போகாமல் கல்வியும் கிடைக்க நாமே என்ன கட்டலாம் என்று கேட்டார்கள். மனநிலை மாற்றம் என்று நாங்கள் சொல்வது இந்தக் கேள்வி மாற்றத்தைத்தான்.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் கிழக்கு எரிந்துகொண்டிருந்தது. அது தமிழருக்கும் நல்ல காலமல்ல, முஸ்லிம்களுக்கும் நல்ல காலமல்ல. இரு பக்கத்து உம்மாமாரும் அழுத காலம். அந்தச் சூழ்நிலையில் வந்தாறுமூலைக்குப் போய் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பது முஸ்லிம் மாணவர்களுக்கு இயலாமல் போனது. கஷ்டப்பட்டு அனுமதி பெற்ற பிள்ளைகளின் படிப்பு நடுவழியில் நின்றது. யாரையாவது திட்டிக்கொண்டே அந்தக் காலத்தைக் கடத்தியிருக்கலாம். ஆனால் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபும் அவரோடு நின்ற கல்விமான்களும், படிப்பு நின்ற இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று கேட்டார்கள். 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் வளர்ந்தது. இன்று அங்கே முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். பொறியியல் பீடம்கூட இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் முதல் பட்டதாரி அங்கிருந்து வந்தவர் என்று எண்ணிப் பாருங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள்.

யுத்தம் நல்லது என்று யாரும் சொல்ல மாட்டோம். இழந்தது இழந்ததுதான். இழப்பு தானாக வாய்ப்பாக மாறுவதில்லை. இழப்புக்கு அடுத்த நாள் யாராவது எழுந்து ஒரு வேலையைத் தொடங்கினால்தான் மாறும்.

சரி, இப்போது கதவு சாத்திய வீட்டுக்குள் வருவோம். அங்கே அடுத்த வேலை எது?

முதல் வேலை, பெறுபேற்றுப் பத்திரத்தை வாசிப்பது. சிரிக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் வாசிப்பதில்லை, "பாஸா? ஃபெயிலா?" என்ற இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒன்பது பாடம், ஒன்பது எழுத்து. 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. ஒரு பிள்ளை கணிதத்தில் டபிள்யூ எடுத்திருக்கும். அதே பிள்ளை தமிழில் பி, இஸ்லாத்தில் ஏ, சித்திரத்தில் ஏ எடுத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு "ஃபெயில்" என்று பெயர் வைக்கிறோம். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, எந்த இடத்தில் பலம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு உரிய திகதிக்குள் விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது வேலை, ஓட்டை எங்கே தொடங்கியது என்று பார்ப்பது. கணிதத்தில் விழுகிற பிள்ளைகளில் அனேகம் பேர் பதினோராம் ஆண்டுப் பாடத்தில் விழுவதில்லை. எங்கள் வகுப்பறைகளில் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். ஒரு மாணவன் அட்சரகணிதம் விளங்கவில்லை என்று சொல்வான். உட்காரவைத்துப் பார்த்தால் பின்னம் தெரியாது. இன்னும் கீழே போனால் ஏழாம், எட்டாம் வாய்ப்பாடு தடுமாறும். ஆறாம், ஏழாம் ஆண்டில் விட்ட இடம் அது. அப்படி ஒரு பிள்ளையோடு வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினோம். பதினாறு வயதுப் பையனுக்கு வாய்ப்பாடு எழுத வெட்கம், அதனால் அவனுக்குத் தனியாகவே நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. பின்னம், சதவீதம், பிறகு முதலாம் வினாத்தாளின் சிறு வினாக்கள். 100 வேண்டாம், முதலில் 35ஐத் தாண்டு என்பது மட்டுமே இலக்கு. அடுத்த முறை எஸ் எடுத்தான். ஊரில் யாரும் பதாகை கட்டவில்லை. ஆனால் அந்த எஸ் அவனுக்கு உயர்தர வகுப்பின் கதவைத் திறந்தது. கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடச் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி என்ற கணக்கில் அவனுக்குக் குறைந்திருந்தது அந்த ஒன்றுதான்.

மூன்றாவது வேலை, வேறு பாதைகளைப் பற்றிச் சரியான தகவல் எடுப்பது. மீண்டும் எழுதுவது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டத்தில் சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழிற் பாடப் பிரிவில் 12ஆம், 13ஆம் ஆண்டு படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபை ஆகியவையும் இருக்கின்றன. இவை கொடுக்கும் என்.வி.கியூ. தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். ஏசி திருத்தவோ வயரிங் செய்யவோ படிக்கப் போகிற பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிவதில்லை. ஏறி ஏறி இரத்மலானை யுனிவொடெக் பல்கலைக்கழகம் வரை போக வழி இருக்கிறது.

கொழும்பில் கடைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதாக முடிவெடுத்த வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. உழைப்பது ஹலால், அதைக் குறைத்துப் பேச நாங்கள் யார்? ஆனால் ஒரு தொழிலும் கையில் இல்லாமல் கட்டார் போகிறவனுக்கும் என்.வி.கியூ. சான்றிதழோடு போகிறவனுக்கும் கிடைக்கும் வேலை ஒன்றல்ல. ஏற்கெனவே பல வருடம் மேசனாக, தச்சராக, தையல்காரராக வேலை செய்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. அவர்கள் வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி மதிப்பீடு செய்து சான்றிதழ் பெறலாம். பதினைந்து வருடத்துக்கு முன் சாதாரண தரத்தில் விழுந்து இன்று கைத்தொழிலில் கெட்டிக்காரராக இருக்கிற காக்காமார் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். இந்தச் செய்தியை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை விழுந்தால் "என்ன வேலைக்கு அனுப்புவோம்?" என்று கேட்கிற ஊர், பெண் பிள்ளை விழுந்தால் "மாப்பிள்ளை பார்ப்போம்" என்கிறது. ஒரு பரீட்சையின் பெறுபேறு எப்படி ஒரு கல்யாணத்துக்குக் காரணமாகும்? அந்தப் பிள்ளைக்கும் மீண்டும் எழுத ஒரு வருடம் கொடுங்கள். அல்லது ஊருக்குள் இருக்கிற பயிற்சி நிலையத்தில் தையல், கணினி, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். ஹுதைபிய்யாவில் முழுக் கூட்டத்தையும் எழுப்பிய ஆலோசனை ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

"எல்லாம் நஸீப்" என்ற பேச்சும் கேட்கிறது. கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி. நடந்து முடிந்ததை ஏற்றுக்கொண்டு அமைதியடைய அது துணை. ஆனால் நடக்கப் போவதைச் செய்யாமல் விடுவதற்கு அதைச் சாட்டாக எடுக்கக் கூடாது. பெறுபேறு வந்தது கத்ர். நாளை காலை புத்தகத்தைத் திறப்பதா இல்லையா என்பது நம் கையில் தரப்பட்ட வேலை.

மனநிலையை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று பிள்ளையின் தலையில் மட்டும் சுமையை வைப்பதும் நீதியல்ல. இரண்டு வருடமாக நிரந்தரக் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளை டபிள்யூ எடுத்தால், அது பிள்ளையின் மனநிலைப் பிரச்சினை அல்ல. காலையில் கடலுக்கோ வயலுக்கோ வாப்பாவோடு போய்விட்டு எட்டரைக்கு வகுப்புக்கு வந்து தூங்கும் பிள்ளைக்கு ஊக்கப் பேச்சு மட்டும் போதாது. பிள்ளை மாற்ற முடிந்ததை பிள்ளை மாற்றட்டும். பெரியவர்கள் மாற்ற வேண்டியதைப் பெரியவர்கள்தான் மாற்ற வேண்டும்.

அதனால் ஊருக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. பள்ளிவாசல் நிருவாகத்தினரே, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மத்ரஸா மண்டபத்தை இரண்டாம் முறை எழுதுகிற பிள்ளைகளுக்குத் திறந்து கொடுங்கள். கற்பிக்க நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம். பல்கலைக்கழகம் போன ஊர்ப் பிள்ளைகளே, விடுமுறையில் வந்தால் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பிள்ளையோடு உட்காருங்கள். வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்களே, ஒன்பது ஏ எடுத்தவர்களுக்குப் பரிசு அனுப்புவது போல, டபிள்யூவிலிருந்து எஸ்ஸுக்கு வந்த பிள்ளைக்கும் ஒரு பரிசை ஒதுக்குங்கள். பரீட்சைக் கட்டணமோ பயிற்சி நிலையத்துக்குப் போய்வர பஸ் காசோ இல்லாமல் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் வெளியே வராமல் உதவ வழி செய்யலாம்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் பெரிய உபதேசம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு கொப்பியை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். கையில் மிச்சம் இருப்பது என்ன? நாளை காலை செய்யப் போகிற ஒரு வேலை என்ன? அந்த வேலை ஓர் அதிபரைச் சந்திப்பதாக இருக்கலாம், ஒரு விண்ணப்பப் படிவம் எடுப்பதாக இருக்கலாம், ஏழாம் வாய்ப்பாடாகவும் இருக்கலாம். பிள்ளை எழவில்லை என்றால் கோபப்பட வேண்டாம். நீங்கள் முதலில் எழுந்து அந்த அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளை பின்னால் வரும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கவலையை அல்லாஹ் லேசாக்கி, அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான தொழிலையும் தருவானாக. ஆமீன்.

மேலே சொன்ன மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப விரும்புகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் எங்களைச் சந்தியுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதியை மட்டும் கொண்டு வாருங்கள். என்ன எழுத்து வந்திருந்தாலும் பரவாயில்லை.